"யாருமற்ற நிலம்" எண்டு எழுதினது நாங்கள்தான்

போன ஒக்ரோபரில் நாங்கள் நாலு பேர் சைக்கிளோடு நிற்கிற படம் ஒன்றை முகநூலில் போட்டோம். பின்னால் சிவப்புப் பாறை, அதற்கும் பின்னால் மஞ்சள் பிடித்த மலை, முன்னால் புழுதி அப்பின நாலு முகம். மேலே மூன்று சொல்: "யாருமற்ற நிலம். சொர்க்கம்." விருப்பக்குறிகள் குவிந்தன. "எங்களை எப்ப கூட்டிக்கொண்டு போறியள்?" எண்டு பத்துப் பேர் கேட்டார்கள். அன்றிரவு முல்லைத்தீவுச் சிநேகிதி ஒருத்தி உள்பெட்டியில் ஒரேயொரு வரி அனுப்பியிருந்தாள்: "அங்க ஒருத்தருமில்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

முதலில் எங்களுக்குக் கோபம்தான் வந்தது. ஒரு படத்துக்குத் தலைப்பு வைக்கவும் அனுமதி கேட்கோணுமோ? நாலு நாள் சந்தோசமாய்த் திரிந்துவிட்டு வந்தால் அதிலும் அரசியல் பேச வேணுமோ? இப்படியெல்லாம் எங்களுக்குள் கதைத்தோம். பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் எழுதப் பார்த்தோம். எழுத முடியவில்லை. ஏனென்றால் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். இந்தக் கட்டுரை அந்தத் தலைப்பைத் திருப்பி எடுப்பதற்காக எழுதப்படுகிறது. அதோடு, அந்தத் தலைப்பில் என்ன பிழை என்று இன்றைக்கும் எங்களிடம் கேட்கிற நண்பர்களோடு சண்டை பிடிப்பதற்காகவும்.

இடத்தைச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையில், மோவாப் என்றொரு சிறு பட்டினம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரம். சுற்றிவரச் சிவப்பு மணற்கல் பாலை. அந்தப் பாலைக்கு நடுவில் நின்று பார்த்தால் லா சால் மலைத்தொடர் தெரியும். அதில் ஆக உயர்ந்த சிகரம் 12,721 அடி. கோடையில் இங்கே வெயில் 38 பாகையைத் தாண்டும், மாரியில் மலைப்பாதைகளைப் பனி மூடிவிடும். அதனால் மலைச்சைக்கிள்காரருக்கு வசந்தமும் இலையுதிர்காலமும்தான் பருவம்.

எங்களில் இரண்டு பேர் அமெரிக்காவில் படிக்கிறவர்கள். ஒருவருக்கு ரொறன்ரோவில் வேலை. மற்றவர் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கருத்தரங்குக்கு வந்த இடத்தில் எங்களோடு ஒட்டிக்கொண்டவர். இரண்டு நாள் சைக்கிள் வாடகைக் காசுக்கு ஊரில் கிட்டத்தட்ட ஒரு புது லுமாலா எடுக்கலாம் என்று கணக்குப் பார்த்து எங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவரும் அவர்தான். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் சஸ்பென்ஷன் வைத்த அந்தச் சைக்கிளில் ஏறி முதலாவது படிக்கல்லைக் குதித்து இறங்கின பிறகு அவருடைய வாயிலிருந்து லுமாலாக் கதை வரவே இல்லை.

நாங்கள் இறங்கிய பாதைக்குப் பெயர் 'ஹோல் என்சிலாடா'. வாடகை வான் ஒன்று மேலே கொண்டுபோய் விடும். 11,000 அடிக்கு மேலே ஒரு கணவாயில் தொடங்கி, ஏறத்தாழ 30 மைல் ஓடி, 4,000 அடியில் ஆற்றங்கரைக்கு வந்து சேரவேண்டும். மேலே விடிய உறைபனி. விரல் விறைத்து பிரேக் பிடிக்க முடியவில்லை. ஆஸ்பன் மரங்கள் முழுக்க மஞ்சள். காற்று வந்தால் தங்கக் காசு கொட்டுகிற மாதிரி இலை கொட்டும். அதற்குக் கீழே கருவாலிப் பற்றைகள், செம்பு நிறம். இன்னும் கீழே பின்யன் பைனும் யூனிப்பரும். கடைசியில் மரமும் விட்டுப்போய்ப் பாறை மட்டும். பாறை விளிம்பால் சைக்கிள் ஓடுகிறபோது ஒரு பக்கம் பல நூறு அடி பள்ளம். ஒருவர் விழுந்து முழங்கால் தோலை உரித்துக்கொண்டார். இன்னொருவருக்குப் பயத்தில் சிரிப்பு வந்தது, நிற்பாட்டவே முடியவில்லை. ஆறு மணித்தியாலம் கழித்து ஆற்றங்கரையில் சைக்கிளைப் போட்டுவிட்டு மல்லாந்து படுத்தபோது, இவ்வளவு சந்தோசமாக எப்போது இருந்தோம் என்று நினைவுபடுத்திப் பார்க்கவேண்டியிருந்தது.

அந்தச் சந்தோசத்தை நாங்கள் மறுக்கவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கவும் போவதில்லை. எங்கள் சண்டை அந்த மூன்று சொல்லோடுதான்.

நாங்கள் ஆறு மணித்தியாலத்தில் இறங்கிய மலையை, கோடைக்கு மேலேயும் மாரிக்குக் கீழேயுமாகப் பருவத்தோடு ஏறி இறங்கி வாழ்ந்த மக்கள் இருந்தார்கள். யூற் மக்கள். யூற்றா என்ற மாநிலப் பெயரே அவர்களுடைய பெயரிலிருந்து வந்ததுதான். இலையுதிர்காலத்தில் பின்யன் பைனின் விதைகளைப் பொறுக்கி மாரிக்குச் சேர்த்து வைப்பார்கள். நாங்கள் சறுக்கிவிடும் என்று திட்டித் திட்டி ஓடின அந்தப் பைன் காய்கள் ஒரு சனத்தின் மாரிகாலச் சாப்பாடு. இலையுதிர்காலத்தில் அந்த மலையிலிருந்து பாலைக்கு இறங்குவது நாங்கள் கண்டுபிடித்த சாகசம் இல்லை.

1855இல் மோர்மன் குடியேறிகள் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து கோட்டை கட்டினார்கள். சில மாதங்களுக்குள் யூற் மக்களோடு மோதல் வந்து, அந்த இலையுதிர்காலத்திலேயே விட்டுவிட்டு ஓடினார்கள். அதாவது, நாங்கள் "யாருமற்ற நிலம்" என்று எழுதிய இடத்திலிருந்து வந்தவர்களைத் துரத்துகிற அளவுக்கு அங்கே ஆட்கள் இருந்தார்கள். குடியேறிகள் 1870களின் கடைசியில் திரும்பி வந்தார்கள். 1881 ஜூனில் லா சால் மலைச்சரிவில், பின்ஹூக் என்ற இடத்தில், யூற் மக்களுக்கும் அவர்களைத் துரத்திவந்த கொலராடோ மாட்டுக்காரருக்கும் சண்டை நடந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். அதே வருடம் செப்ரெம்பரில், பக்கத்துக் கொலராடோவிலிருந்து பெருந்தொகை யூற் மக்களை அமெரிக்க இராணுவம் யூற்றாவிலுள்ள ஒதுக்கிடத்துக்கு அனுப்பியது. வெறுமை தானாக வராது. அதற்கு ஆண்டும் மாதமும் இருக்கும், துவக்கு வைத்திருந்தவர்களும் இருப்பார்கள்.

நாங்கள் ஆற்றங்கரையில் வந்து சேர்ந்த இடத்துக்குக் கிட்ட ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. கிராண்ட்ஸ்டாஃப் கன்யன். 1870களின் கடைசியில் அங்கே மாடு வளர்த்த வில்லியம் கிராண்ட்ஸ்டாஃப் என்ற கறுப்பினத்தவரின் பெயர் அது. பழங்குடியினருக்குச் சாராயம் விற்றதாகப் பழி சொல்லப்பட, 1881இல் அவரும் அந்த இடத்தை விட்டுப் போனார். ஆனால் அவருடைய உண்மைப் பெயர் உத்தியோகபூர்வ வரைபடத்தில் ஏறியது 2017இல்தான். அதுவரைக்கும் அவருடைய இனத்தைச் சுட்டுகிற, இன்றைக்குக் கூசுகிற ஒரு சொல்தான் பள்ளத்தாக்கின் பெயர். ஒரு மனிதனின் பெயர் வரைபடத்தில் ஒழுங்காக ஏற 136 வருடம்! நாங்கள் அந்தப் பெயர்ப்பலகையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தோம். வாசிக்கவில்லை.

எங்கள் பாதையில் 'கொக்கோபெல்லி' என்றும் ஒரு துண்டு வருகிறது. முதுகு வளைந்து குழல் ஊதுகிற அந்த உருவம், அந்தத் தென்மேற்குப் பகுதிப் பழங்குடி மக்களின் பாறைக் கீறல்களிலும் நம்பிக்கைகளிலும் இருக்கிறது. இப்போது அது பாதைப் பலகை, ரீ-சேட், திறப்புக் கோர்வை. நாங்களும் ஒன்று வாங்கினோம். பெயரை வைத்துக்கொண்டு ஆட்களை விட்டுவிடுகிற இந்தக் கெட்டித்தனம் எங்களுக்குப் பழக்கமில்லாத ஒன்றா? எங்கள் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறுகிறபோது நாங்கள் எவ்வளவு கத்துகிறோம்!

இந்த இடத்தில் எங்கள் நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். "அது நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின கதை. இப்ப அது வெறும் பாலைவனம்தானே?"

இல்லை. 1952இல் சார்லி ஸ்டீன் என்ற புவியியலாளர் மோவாபுக்குத் தெற்கே பெரிய யுரேனியப் படிவைக் கண்டுபிடித்தார். அணுகுண்டுக் காலம். 1956இல் பட்டினத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையிலேயே, யுரேனிய ஆலை வந்தது. 1984இல் ஆலை நின்றபோது மிஞ்சியது 16 மில்லியன் தொன் கதிரியக்கக் கழிவு, ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு குன்றாக. கோடிக்கணக்கான சனம் தண்ணீருக்கு நம்பியிருக்கிற ஆறு அது. அந்தக் குன்றை 2009இலிருந்து ரயிலில் ஏற்றி, 30 மைல் வடக்கே கொண்டுபோய்ப் புதைத்து வந்தார்கள். அந்தப் பகுதியின் யுரேனியச் சுரங்கங்களில் வேலை செய்த நவஹோ மக்கள் பலர் நுரையீரல் புற்றுநோயில் செத்தார்கள். சுரங்கத் தொழிலாளருக்கு இழப்பீடு கொடுக்கிற சட்டம் வந்தது 1990இல். இன்றைக்கும் தெற்கே, வைற் மேசா என்ற யூற் கிராமத்துக்குச் சில மைல் தூரத்தில் யுரேனிய ஆலை ஒன்று இருக்கிறது.

இதெல்லாவற்றுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? ஆலை நிற்பதற்கு ஒரு வருடம் முன்பு, 1983இல், பட்டினத்தில் சைக்கிள் கடை திறக்கிறது. யுரேனியம் சரிந்த ஊர் சைக்கிளைப் பிடித்து எழும்புகிறது. பேர்போன ஸ்லிக்ரொக் பாதையை 1969இல் கோடு போட்டு அடையாளப்படுத்தியவர்கள் மோட்டார் சைக்கிள்காரர். மலைச்சைக்கிள் அதற்குப் பிறகுதான் அங்கே வந்தது. சுரங்கக்காரருக்கு அது 'ஒன்றுமில்லாத நிலம்', அதனால் தோண்டலாம், கழிவைக் கொட்டலாம். சைக்கிள்காரருக்கும் அது 'ஒன்றுமில்லாத நிலம்', அதனால் அழகு, சுதந்திரம், சொர்க்கம். இரண்டு பேரும் சொல்லுவது ஒரே வசனம். எங்களுடைய வசனம் கொஞ்சம் கவிதையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பாலை என்றால் வெறுமை என்று தமிழர்களாகிய நாங்கள் நினைப்பது இன்னும் பெரிய வெட்கம். எங்கள் திணை மரபில் பாலைக்கும் மக்கள் இருக்கிறார்கள், எயினரும் மறவரும். தெய்வம் இருக்கிறது, கொற்றவை. முல்லையும் குறிஞ்சியும் வரண்டு திரிந்ததுதான் பாலை என்று சொன்ன மரபு அது. அதாவது, பாலைக்கு முந்தின நிலை ஒன்று இருந்தது, ஏதோ நடந்துதான் அது பாலையானது என்று கேட்கப் பழக்கின மரபு. பள்ளிக்கூடத்தில் புள்ளிக்காகப் பாடமாக்கினதை விமானநிலையத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறோம்.

இனி அந்த மண்ணுக்கு வருவோம். இதுவரை சொன்னது மற்றவர்கள் செய்தது. இது நாங்கள் செய்தது.

அந்தப் பாலையில் பாறைகளுக்கு நடுவே மண் கறுத்து, மொறுமொறுவென்று, குட்டிக் குட்டிக் கோபுரம் மாதிரிப் புடைத்துக் கிடக்கும். காய்ந்த சேறு என்று நினைப்பீர்கள். அது உயிர். சயனோபக்ரீரியாவும் லைக்கனும் பாசியும் சேர்ந்த பொருக்கு. கண்ணுக்குத் தெரியாத நார்களால் மணலைப் பின்னிப் பிடித்து வைத்திருக்கிறது. மழைத்தண்ணீரை மறிக்கிறது, காற்றிலிருந்து நைதரசனை எடுத்து மண்ணுக்குக் கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் மணல் பறந்துவிடும், செடி முளைக்காது. ஒரு காலடி பட்டாலே உடையும். திரும்ப வளரப் பத்துப் பத்தாக வருடங்கள் போகும், சில இடங்களில் நூறும் தாண்டும். பாதையை விட்டு இறங்காதே என்று அங்கே போகிற எல்லோருக்கும் சொல்லுகிறார்கள். எங்களுக்கும் சொன்னார்கள்.

ஆனால் படம் எடுக்கவேணுமே. பாறை விளிம்பு பாதையிலிருந்து முப்பது முழம் தள்ளியிருந்தது. எங்களில் ஒருவர் சைக்கிளை உருட்டவும் இல்லை, ஓடியே போனார். பொருக்கு அப்பளம் உடைகிற சத்தத்தோடு உடைந்தது. பின்னால் வந்த மூன்று பேரில் ஒருவர் மட்டும் "டேய், நில்லடா!" என்று கத்தினார். மற்ற இரண்டு பேரும் அந்தச் சுவட்டுக்குள்ளேயே காலை வைத்துப் போனோம், "அதுதான் ஏற்கெனவே உடைஞ்சிட்டுதே" எண்டு. கத்தினவரும் கடைசியில் வந்து படத்தில் நின்றார். அன்றிரவு கூடாரத்தில் நாங்கள் பிடித்த சண்டை இன்னும் முழுக்கத் தீரவில்லை. யார் முதலில் போனது என்பது ஒரு பக்கம். "ஏற்கெனவே உடைந்ததுதானே" என்று மற்றவர்கள் சொன்னது அதைவிடப் பெரிய பிழை என்று ஒருவர் சொன்னார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. நிலம் பறித்தவர்கள் எல்லோரும் இரண்டாவது நாள் சொன்ன வசனம் அது.

"சைக்கிள்தானே, ஜீப் இல்லையே" என்று ஒரு வாதம் இருக்கிறது. இந்த வாதத்தில் எங்களுக்கு ஆசை அதிகம். ஏனென்றால் சைக்கிள் எங்கள் சொந்த வாகனம். யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்தை இழுத்துக்கொண்டு ஓடியது சைக்கிள். மின்சாரம் இல்லாத நாளில் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் ஒரு வீட்டையே சைக்கிளில் கட்டி உருட்டியவர்களின் பிள்ளைகள் நாங்கள். அதனால் சைக்கிளில் போகிறவன் ஏழை, அப்பாவி, நல்லவன் என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு. ஆனால் பொருக்குக்கு அது ஏழையின் ரயரா பணக்காரனின் ரயரா என்று தெரியாது.

நியாயத்துக்கு மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் காட்டுநிலச் சட்டம், மனிதன் வந்துபோகிற விருந்தாளியாக மட்டும் இருக்கவேண்டிய இடங்கள் என்று சில நிலங்களை வரையறுத்து, அங்கே இயந்திரப் போக்குவரத்தைத் தடைசெய்தது. 1984இல் வனத்துறை அந்தத் தடை சைக்கிளுக்கும் பொருந்தும் என்று தெளிவாக எழுதியது. ஆனால் அதே நிலங்களில் சட்டத்துக்கு முன்பிருந்தே நடந்த மாட்டு மேய்ச்சல் தொடரலாம். நூறு மாடு மிதித்தால் பரவாயில்லை, ஒரு சைக்கிள் போகக்கூடாது என்றால் அது என்ன நீதி என்று மலைச்சைக்கிள்காரர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். மனிதன் அங்கே விருந்தாளி என்கிற சட்டத்தின் நினைப்பை ஒருவரும் தொடவில்லை. அங்கே விருந்தாளியாக இல்லாமல் வீட்டுக்காரராக இருந்தவர்களைப் பற்றி விருந்தாளிகள் இரண்டு பேரும் பேசவில்லை.

"அப்ப போகாமலே இருந்திருக்கலாமே, போயிட்டு வந்து ஏன் புலம்புறியள்?" என்று இன்னொரு நண்பர். இவர் எங்களைவிடக் கடும் இடதுசாரி. மலைச்சைக்கிள் வசதிக்காரரின் பொழுதுபோக்கு என்பது அவருடைய தீர்ப்பு. இதையும் நாங்கள் ஏற்கவில்லை. இந்த விளையாட்டு பணக்காரக் கிளப்பில் பிறக்கவில்லை. கலிபோர்னியாவில் ஒரு மலையில், பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களைப் பொறுக்கித் திருத்தி, மண்பாதையால் விழுந்தெழும்பி இறங்கிய இளம் பெடியள் தொடங்கினது. 1976 ஒக்ரோபரில் அவர்கள் வைத்த போட்டிக்கு 'ரீபக்' என்று பெயர் வந்தது, ஒரு இறக்கம் முடிய பிரேக்கிலிருந்த கிறீஸ் முழுக்க எரிந்துபோய்த் திரும்ப அடைக்க வேண்டியிருந்ததால். விளையாட ஆசைப்படுவது குற்றமில்லை. எங்கள் தலைமுறையை எடுத்தால் துக்கமும் பொறுப்பும் மட்டும்தான் எங்களுக்கு உரியது என்று நினைக்கிறவர்கள் ஊரில் கனக்க. அவர்களுக்காக நாங்கள் சைக்கிளை விட்டு இறங்கப்போவதில்லை.

போகாமல் இருப்பதால் நிலம் காப்பாற்றப்பட்டுவிடும் என்பதும் பொய். 2020இல் ஸ்லிக்ரொக் பாதைக்குக் கீழுள்ள நிலத்தை எண்ணெய், எரிவாயு எடுக்கக் குத்தகைக்கு விடும் யோசனை வந்தது. குடிதண்ணீருக்கு ஆபத்து என்று பட்டினமும் மாவட்டமும் எதிர்த்தன, சைக்கிள்காரரும் சேர்ந்து கத்தினார்கள். அந்தத் துண்டுகள் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. போய் வந்தவர்களுக்குத்தான் அந்த இடம் நொந்தது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் போதாது. மோவாபுக்குத் தெற்கே பெயர்ஸ் இயர்ஸ் என்ற நிலம். ஹோப்பி, நவஹோ, சூனி, இரண்டு யூற் இனக்குழுக்கள், ஐந்து பேரும் சேர்ந்து கேட்டதன் பேரில் 2016 டிசெம்பரில் அது தேசிய நினைவுச்சின்னமாக்கப்பட்டது, 1.35 மில்லியன் ஏக்கர். ஒரு வருடத்தில் அடுத்த ஜனாதிபதி அதில் 85 வீதமளவை வெட்டினார். 2021இல் மற்றவர் திருப்பிக் கொடுத்தார். தங்களுக்குள்ளேயே பழைய பகை உள்ள ஐந்து இனங்கள் ஒரு நிலத்துக்காக ஒரே மேசையில் இருந்தன. நாங்கள் பாதையைக் காப்பாற்றக் கத்துவோமா, இல்லை அந்த மேசைக்காகவும் கத்துவோமா என்பதுதான் கேள்வி. தன் பாதைக்கு மட்டும் கத்துகிறவன் நிலத்தை நேசிக்கவில்லை, தன் விடுமுறையை நேசிக்கிறான்.

இதை எழுதுகிற எங்களுக்கு இதைச் சொல்லக் கூடுதல் கடமை இருக்கிறது. சிநேகிதி ஏன் அந்த ஒரு வரியை அனுப்பினாள் என்று யோசித்துப் பாருங்கள்.

2009க்குப் பிறகு ஏ9 வீதியால் பஸ் பஸ்ஸாகத் தெற்கிலிருந்து சனம் வந்தது எங்களுக்கு நினைவிருக்கிறது. கிளிநொச்சியில் சரிந்து கிடந்த தண்ணீர்த்தாங்கியைக் காட்சிப்பொருளாக வைத்தார்கள், பக்கத்தில் நினைவுப்பொருள் கடை. தாங்கிக்கு முன்னால் குடும்பம் குடும்பமாக நின்று சிரித்துப் படம் எடுத்தார்கள். அந்த ஆட்களில் எத்தனையோ பேர் கெட்டவர்கள் இல்லை. சும்மா லீவுக்கு வந்தவர்கள். "வடக்கு எவ்வளவு வடிவு, ஆளே இல்லை" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு வயிறு எரிந்தது. ஆளில்லாமல் போனது எப்படி என்று கேட்காமல் அழகை மட்டும் பார்க்கிற கண்ணை நாங்கள் எவ்வளவு திட்டினோம், எழுதினோம்! பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே கண்ணை நாங்கள் மாட்டிக்கொண்டு மோவாபில் நின்று சிரித்தோம்.

யூற் மக்களின் கதையும் எங்கள் கதையும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதும் ஒரு திருட்டுத்தான். மற்றவனுடைய துயரத்தை எடுத்து எங்கள் துயரத்துக்குச் சட்டம் போடுகிற வேலை. நாங்கள் சொல்வது சின்ன விசயம். ஒரு நிலத்தை யாருமற்றது என்று எழுதினால் அடுத்தது என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும். காணியைக் காடு என்று கீறின வரைபடம் எங்களிடம் இருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய சனத்தின் வளவுகளில் பற்றை வளர்ந்தபோது, அந்தப் பற்றையையே சாட்சியாகக் காட்டி "ஒருத்தரும் பாவிக்கேல்லையே" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறோம். 2017இல் கேப்பாப்புலவுச் சனம் முகாம் வாசலில் இரவு பகலாக இருந்தது, அந்த நிலத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று காட்டத்தான். தெரியாதவன் "யாருமற்ற நிலம்" என்று எழுதினால் அது அறியாமை. தெரிந்த நாங்கள் எழுதினால் அதற்கு என்ன பெயர்?

இது அமெரிக்காவோடு முடிகிற கதையும் இல்லை. இப்போது ஊரிலும் சைக்கிள் எடுத்துக்கொண்டு கூட்டமாகப் போகிற பழக்கம் வந்திருக்கிறது. நல்லது. 2022இல் பெற்றோல் வரிசை பழக்கினது என்றாலும் நல்லது. மன்னாருக்குப் போகிறோம், நெடுந்தீவுக்குப் போகிறோம், வன்னிக் காட்டுப் பாதையால் போகிறோம். போய் என்ன எழுதுகிறோம்? "கைபடாத இயற்கை." "மறைந்திருக்கும் சொர்க்கம்." கூரை போன வீட்டுக்கு முன்னால் சைக்கிளைச் சாய்த்துப் படம். அந்த வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டவர் எத்தனை பேர்? பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்து, "ஐயா, இது ஆற்ற வளவு?" எண்டு ஒரு கேள்வி கேட்க ஐந்து நிமிசம் போதும். அந்த ஐந்து நிமிசம் உங்கள் ஓட்டத்தைக் கெடுக்காது. பதில் கெடுக்கலாம். கெடுக்கட்டும்.

சைக்கிள் இதற்கு நல்ல வாகனம் என்றே நினைக்கிறோம். வானில் போகிறவன் இடத்தைக் கடக்கிறான். சைக்கிளில் போகிறவனுக்கு மூச்சு வாங்குகிறது, நிற்கவேண்டி வருகிறது, தண்ணீர் கேட்கவேண்டி வருகிறது. கேட்கிறபோது ஒரு மனிதர் வெளியே வருகிறார். எங்களுக்கு மோவாபில் அப்படி ஒரு மனிதரும் வெளியே வரவில்லை. ஏனென்றால் நாங்கள் ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததற்கு நிலம் பொறுப்பில்லை.

தலைப்பை மாற்றிவிட்டோம். இப்போது அங்கே இருப்பது: "யூற் மக்களின் நிலம், லா சால் மலை அடிவாரம், ஒக்ரோபர். இடப்பக்கம் கறுத்த மண்ணில் தெரிகிற சுவடு எங்களுடையது." படத்தை அழிக்கச் சொல்லி எங்களில் ஒருவர் கேட்டார். மற்ற மூன்று பேரும் சம்மதிக்கவில்லை. அந்தச் சுவடு அங்கே எங்கள் பிள்ளைகளின் காலம் வரைக்கும் கிடக்கப்போகிறது. படமும் கிடக்கட்டும்.